மினிமம் பேலன்ஸ் என்று 4,023 ரூபாய் பிடித்துவிட்டார்கள். திரும்பக் கேட்டால் கணக்கை மூடிவிடுவார்களா?

பூங்கொடி_ஓவர்லாக் | 9 ஆகஸ்ட் 2025, இரவு 10:40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். சம்பளம் போடுவதற்குக் கம்பெனியே ஒரு தனியார் வங்கியில் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. ஜீரோ பேலன்ஸ் கணக்கு, ஒரு ரூபாய்கூட வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். 2023 ஆகஸ்ட்டில் இரண்டாவது பிரசவத்துக்காக வேலையை விட்டேன். கணக்கு அப்படியே இருந்தது. சிலிண்டர் மானியம், மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் எல்லாம் அதில்தான் வருகிறது. ஸ்கூட்டிக் கடன் தவணை 2,750 ரூபாயும் அதிலிருந்துதான் போகிறது.

வியாழக்கிழமை பாஸ்புக் பதிந்து வாங்கினேன். ரொம்ப நாளாகப் பதியவே இல்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் கை நடுங்கிவிட்டது. 2023 டிசம்பரிலிருந்து 236 ரூபாய் வீதம் 11 தடவை பிடித்திருக்கிறார்கள். அது 2,596. தவணை திரும்பியதற்கு 295 ரூபாய் வீதம் மூன்று தடவை, 885. எஸ்எம்எஸ் கட்டணம் 17.70 வீதம் ஆறு தடவை, 106.20. இன்னொரு இடத்தில் 436 ரூபாய், ஏதோ இன்சூரன்ஸ் என்று இருக்கிறது. நான் எந்த இன்சூரன்ஸும் கேட்கவில்லை. மொத்தம் 4,023 ரூபாய் 20 காசு.

அதில் ஒரு மாதத்தை மட்டும் சொல்கிறேன். கணக்கில் 61 ரூபாய் இருந்தது. 236 பிடித்து மைனஸ் 175 ஆகிவிட்டது. அப்புறம் உரிமைத் தொகை ஆயிரம் ஏறியது, மீதி 825 என்று காட்டுகிறது. அந்த மாதம் ஏன் 825 மட்டும் எடுக்க முடிந்தது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரரிடம் நீங்கள் எடுத்தீர்களா என்று சண்டை போட்டேன். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

மறுநாளே கிளைக்குப் போய்க் கேட்டேன். "சம்பளம் வரவில்லை என்றால் மூன்று மாதத்தில் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். 5,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும். சிஸ்டம் தானாகப் பிடிக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார் மேனேஜர். கொஞ்சம் விடாமல் கேட்டதும், "வேண்டாம் என்றால் எழுதிக் கொடுங்கள், கணக்கை மூடிவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டார்.

அதே கிளையில்தான் என் இரண்டரைப் பவுன் சங்கிலி நகைக்கடனில் இருக்கிறது. புகார் கொடுத்தால் கணக்கை மூடிவிடுவார்களா? உரிமைத் தொகை நின்றுவிடுமா? சங்கிலியில் கை வைப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_மாம்பழம் | 9 ஆகஸ்ட், இரவு 11:15

அக்கா, பிடித்த காசு திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் 1,800 போனது. இரண்டு தடவை நடந்தோம், பஸ் செலவுதான் மிச்சம். நகையைத் திருப்பிவிட்டுக் கணக்கை மூடிவிட்டு வேறு வங்கிக்குப் போய்விடுங்கள். நிம்மதியாவது இருக்கும்.

ஓய்வு_காசாளர் | 10 ஆகஸ்ட், காலை 6:20

அம்மா பூங்கொடி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. ஒரு பொதுத்துறை வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் பிடிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் என்று ஏதாவது ஒரு வழியில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் இருப்பை நிரப்பவில்லை என்றால்தான் பிடிக்கலாம். எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்பத்தான் அபராதமும் இருக்க வேண்டும். ஐயாயிரத்துக்கு நூறு குறைந்தவருக்கும் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் குறைந்தவருக்கும் ஒரே தொகை என்பது செல்லாது. அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது.

இப்போது உங்கள் பாஸ்புக்கைப் பாருங்கள். 61 ரூபாய் இருந்த கணக்கு மைனஸ் 175 ஆனது என்றீர்களே, அந்த ஒரு வரி போதும். அதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. 11 தடவையும் ஒரே 236 என்பதையும் கவனியுங்கள். 200 ரூபாய் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி 36. ஏதாவது ஒரு மாதம் நாலாயிரம் அளவுக்கு இருப்பு இருந்ததா? இருந்தும் அதே 236 தான் என்றால் அந்த மாதத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் ஏன் இவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லி மேலே இருப்பவர்களும் புகாரைத் தள்ளிவிடுவார்கள். கணக்கு வகை மாறியதை எனக்குச் சொன்னீர்களா, எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் போட்டீர்கள், ஒரு மாதம் அவகாசம் தந்தீர்களா என்று கேளுங்கள். அது சேவைக் குறைபாடு. அதைத் தள்ள முடியாது.

கணக்கை மூடுவது பற்றி. வங்கிக்கு அந்த உரிமையே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். நியாயமான முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து மூடலாம். ஆனால் புகார் கொடுத்தாள் என்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாக மூட முடியாது. கவுண்டரில் வாயால் சொல்வது முன்னறிவிப்பும் ஆகாது. என் அனுபவத்தில் எழுதிப் புகார் கொடுத்தவர்களின் கணக்கைத்தான் தொடவே தயங்குவார்கள். ஏனென்றால் மூடியதும் அடுத்த புகார் அதைப் பற்றியே போகும்.

சங்கிலிக்கு வருவோம். நகைக்கடன் தனி ஒப்பந்தம். வட்டியும் தவணைத் தேதியும் சரியாக இருக்கும்வரை சேமிப்புக் கணக்குப் புகாரைக் காட்டி அதில் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக நீங்கள் அசட்டையாகவும் இருக்கக் கூடாது. கெடு என்றைக்கு என்று அட்டையில் பார்த்து வையுங்கள். வட்டியை ஒரு வாரம் முன்பே கட்டி ரசீது வாங்குங்கள்.

தம்பி மாம்பழம், நீங்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடந்து போய்க் கேட்டதால்தான் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. எழுதிக் கேட்டிருந்தால் கதை வேறு.

கவுண்டர்_எண்3 | 10 ஆகஸ்ட், காலை 9:05

நான் இப்போது ஒரு தனியார் வங்கியில் வேலை பார்ப்பவள். ஐயா சொன்னது எல்லாம் சரி. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டணத்தைக் கிளையில் யாரும் உட்கார்ந்து பிடிப்பதில்லை. மாதக் கடைசியில் தலைமை அலுவலக சர்வரில் ஓடுகிற வேலை அது. எங்களுக்கே மறுநாள்தான் தெரியும். மேனேஜரால் தன் அதிகாரத்தில் திருப்பிப் போட முடிவது சின்னத் தொகைதான். மீதிக்கு மேலே கோரிக்கை அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால் அந்தக் கோரிக்கையை அனுப்புவது எங்களுக்கும் சுலபம். வாயால் கேட்டதை வைத்து எதையும் அனுப்ப முடியாது.

அந்த 436 ரூபாய் பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம். வருடம் 436, இரண்டு லட்சத்துக்குக் காப்பீடு. திட்டம் நல்லதுதான், ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. சம்மதப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். காட்ட முடியவில்லை என்றால் பணம் தர வேண்டியதுதான். எங்களுக்கு டார்கெட் நெருக்கடி உண்டு என்பது உண்மை. அதற்காகக் கேட்காமல் போட்டது சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஈஸ்ட்ஹாம்_அண்ணா | 10 ஆகஸ்ட், பிற்பகல் 3:30

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இலண்டனில் முப்பது வருசமாக இருக்கிறேன். நீங்கள் எழுதினதை வாசிக்க எங்கட 2006, 2007 காலம்தான் ஞாபகம் வந்தது.

அப்போது இங்கே கணக்கில் காசு இல்லாமல் ஒரு தவணை திரும்பினால் 30 பவுணுக்கு மேலே பிடிப்பார்கள். ஒரே நாளில் மூன்று திரும்பினால் நூறு பவுண் போய்விடும். 2006 ஏப்ரலில் இங்கே அரசாங்கத்தின் நியாய வர்த்தக அலுவலகம் கிரெடிட் கார்டு அபராதம் 12 பவுணுக்கு மேலே போனால் அநியாயம் என்று கருதுவோம் என்று சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு சனம் வங்கிக் கட்டணங்களையும் திருப்பிக் கேட்கத் தொடங்கினது. ஆறு வருசத்து ஸ்டேட்மெண்டை எடுத்துக் கூட்டிப் பார்த்து, கடிதம் எழுதி, தராவிட்டால் கவுண்டி கோர்ட்டில் சிறு வழக்குப் போடுவது. ஆயிரக்கணக்கான ஆட்கள் செய்தார்கள். வங்கிகள் கோர்ட் வாசல்வரைக்கும் வந்துவிட்டு, வழக்கு எடுபட முதலே காசைக் கொடுத்துச் சமாளித்தன.

நானும் எழுதினேன். 2007 மேயில் 1,140 பவுண் வந்தது. அடுத்த கிழமையே 30 நாளில் உங்கட கணக்கை மூடுகிறோம் எண்டு கடிதமும் வந்தது. உண்மையைச் சொல்லவேணும், அப்படியும் நடந்தது, எனக்கு மட்டுமில்லை. ஆனால் என்னை ஒரு சிநேகிதர் முதலே எச்சரித்திருந்தார். கடிதம் போடுவதற்கு முதல் வேறு ஒரு வங்கியில் சும்மா ஒரு கணக்குத் திறந்து, சம்பளத்தையும் வாடகையையும் அங்கே மாற்றிவிடு என்று. அதனால் அந்தக் கடிதம் வந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் வாடகை திரும்பி, வீட்டுக்காரனிடம் தலைகுனிந்து நின்றிருப்பேன்.

பிறகு 2007 யூலையில் அந்த அலுவலகமும் வங்கிகளும் சேர்ந்து ஒரு சோதனை வழக்குப் போட்டார்கள். அதோடு எல்லாருடைய கோரிக்கையும் கிடப்பில் போனது. 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கட்டணம் கணக்குச் சேவையின் விலையில் ஒரு பகுதி, அந்த விலை கூடவா குறையவா என்று அந்தச் சட்டப்படி அலுவலகம் ஆராய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காத்திருந்த சனத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. காசாளர் ஐயா, விலையைப் பற்றிக் கேட்காதே, நடைமுறையைப் பற்றிக் கேள் என்று நீங்கள் சொன்னீர்களே, நாங்கள் இங்கே தோற்றது சரியாக அந்த இடத்தில்தான்.

முதலில் இரண்டாவது கணக்கு, பிறகு கடிதம். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம், தங்கச்சி.

பூங்கொடி_ஓவர்லாக் | 10 ஆகஸ்ட், இரவு 9:50

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாஸ்புக்கை மறுபடி பார்த்தேன் ஐயா. 2024 அக்டோபரில் தீபாவளிச் சீட்டுப் பணம் கணக்கில் கிடந்தது. மாதம் முழுக்க நாலாயிரத்துக்குக் குறையவில்லை. அந்த மாதத்துக்கும் 236 தான்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தவணை திரும்பிய மூன்றில் இரண்டு தடவை நான் 2,800 போட்டு வைத்திருந்தேன். 5ஆம் தேதி தவணை. 3ஆம் தேதி இவர்கள் 236 எடுத்துவிட்டதால் 2,564 ஆகி, தவணை திரும்பிவிட்டது. அதற்கு 295. ஃபைனான்ஸ்காரர்கள் அவர்கள் பங்குக்கு 590 கேட்டார்கள். மூன்றாவது தடவை மட்டும் என் தப்புதான், பணம் போடவில்லை.

புதுக் கணக்கு எங்கே தொடங்குவது? மறுபடியும் மினிமம் பேலன்ஸ் என்று மாட்டிக்கொள்ள பயமாக இருக்கிறது. உரிமைத் தொகை எப்படி மாறும்?

மேகலா_இசேவை | 11 ஆகஸ்ட், காலை 11:10

பூங்கொடி, நான் இ-சேவை மையம் நடத்துகிறேன், தினமும் இதுதான் என் வேலை. எந்த வங்கியிலும் "அடிப்படை சேமிப்புக் கணக்கு" என்று கேளுங்கள். ஜன்தன் கணக்கும் அந்த வகைதான். 2012லிருந்தே எல்லா வங்கியும் அதைத் தர வேண்டும் என்பது விதி. குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் நான்கு தடவை பணம் எடுக்கலாம். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே வங்கியில் அடிப்படைக் கணக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கும் சேர்ந்து இருக்க முடியாது. அதனால் இப்போதைக்கு வேறு வங்கியில் தொடங்குங்கள். பொதுத்துறை வங்கிகள் பலவற்றில் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கே இந்த அபராதம் போய்விட்டது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டது. கனரா இந்த ஜூனில், பஞ்சாப் நேஷனல், பரோடா, இந்தியன் வங்கி எல்லாம் இந்த ஜூலையில் எடுத்துவிட்டன.

மானியம் உங்கள் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். ஆதார் எண்ணைக் கணக்கில் சேர்ப்பது வேறு, மானியத்துக்கு இணைப்பது வேறு. புது வங்கியில் மானியத்துக்கான இணைப்புப் படிவம் என்று கேட்டுத் தனியாகக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு மாத மானியம் புதுக் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்க்கும்வரை பழையதைத் தொடாதீர்கள். ஸ்கூட்டித் தவணைக்கும் ஃபைனான்ஸ் ஆபீஸில் புது ஆணைப் படிவம் எழுதிக் கொடுங்கள். அது மாற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

உரிமைத் தொகை தொடங்கிய 2023 செப்டம்பரில் பல பெண்களுக்கு இப்படித்தான் வங்கிகள் பிடித்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அந்தப் பணத்தில் வங்கிகள் கட்டணம் நேர்செய்யக் கூடாது என்று அறிக்கை விட்டார். முதல்வரின் உதவி மையம் 1100க்குப் புகார் சொல்லலாம் என்றும் சொன்னார்கள். உங்கள் 175 ரூபாயைக் கடிதத்தில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

ஓய்வு_காசாளர் | 11 ஆகஸ்ட், மாலை 5:00

அந்த 2,800 விஷயத்தை நல்லவேளை கண்டுபிடித்தீர்கள் அம்மா. அபராதம் பிடித்ததால்தான் தவணை திரும்பியது என்றால் அந்த இரண்டு 295 ரூபாயும் அவர்கள் பொறுப்பு. மூன்றாவதைக் கேட்காதீர்கள். நியாயமில்லாததை ஒன்று சேர்த்தால் நியாயமானதும் சேர்ந்து பலவீனமாகிவிடும்.

கடிதம் இப்படி இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம், கை எழுத்தே போதும்:

"ஐயா, என் சேமிப்புக் கணக்கில் டிசம்பர் 2023 முதல் ரூ. 236 வீதம் 11 முறை குறைந்தபட்ச இருப்பு அபராதம் பிடிக்கப்பட்டுள்ளது. என் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாற்றப்பட்டதாக எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைப்படி ஒரு மாத முன்னறிவிப்பும் தரப்படவில்லை. ஒருமுறை இருப்பு ரூ. 61 ஆக இருந்தபோது அபராதம் பிடித்ததால் கணக்கு மைனஸ் ரூ. 175 ஆனது. அக்டோபர் 2024இல் சராசரி இருப்பு ரூ. 4,000க்கு மேல் இருந்தும் அதே தொகை பிடிக்கப்பட்டது. இந்த அபராதத்தால் இருப்பு குறைந்து இருமுறை தவணை திரும்பியதற்கு ரூ. 590 பிடிக்கப்பட்டது. ஆகவே ரூ. 3,186ஐ என் கணக்கில் வரவு வைக்கவும். அறிவிப்புகள் அனுப்பியிருந்தால் அவற்றின் தேதியும் நகலும் தரவும். என் சம்மதமின்றிப் பிடித்த காப்பீட்டுப் பிரீமியம் ரூ. 436க்கான சம்மதப் படிவத்தின் நகலைத் தரவும், இல்லையெனில் அத்தொகையையும் திருப்பித் தரவும்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் சண்டை வேண்டாம், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தை வங்கியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். எஸ்எம்எஸ் கட்டணம் 106 ரூபாயை நான் சேர்க்கவில்லை. அதற்காகவும் போராடலாம், ஆனால் முதலில் பெரியதை வாங்குவோம்.

30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் வந்த திட்டம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம். தபாலிலும் அனுப்பலாம், சண்டிகரில் ரிசர்வ் வங்கியின் மையம் எந்த மொழியில் எழுதினாலும் வாங்கிக்கொள்கிறது. சந்தேகம் இருந்தால் 14448க்குத் தமிழிலேயே பேசலாம்.

சேலம்_மாம்பழம் | 11 ஆகஸ்ட், மாலை 6:30

ஐயா, அப்பாவின் விஷயம் 2022இல் நடந்தது. இப்போது எழுதினால் எடுப்பார்களா?

ஓய்வு_காசாளர் | 11 ஆகஸ்ட், மாலை 7:10

வங்கிக்கு எழுதிப் புகார் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி தம்பி. கொடுத்து, பதில் வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். எழுதவே இல்லை என்றால் இன்றைக்கு எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடக் கெடு, அது உங்களுக்குச் சிரமம்தான். கிடைக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஒரு கடிதத்தின் செலவுதானே, எழுதிப் பாருங்கள்.

பூங்கொடி_ஓவர்லாக் | 18 ஆகஸ்ட், பிற்பகல் 2:15

புதுக் கணக்கு தொடங்கிவிட்டேன். அடிப்படைக் கணக்கு என்று கேட்டதும் முதலில் அப்படி ஒன்று இல்லை என்றார்கள். மேகலா அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன், படிவம் எடுத்துக் கொடுத்தார்கள். ஆதார் இணைப்புப் படிவமும் தனியாகக் கொடுத்தேன். நகைக்கடன் வட்டி கட்டி ரசீது வாங்கிவிட்டேன்.

இன்று கடிதம் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாரும்மா எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். நான்தான் எழுதினேன் என்றேன். முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார். கணக்கை மூடுவது பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

கவுண்டர்_எண்3 | 18 ஆகஸ்ட், இரவு 8:00

முத்திரை போட்ட பிரதியைப் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றீர்கள், காகிதம் காணாமல் போகும்.

பூங்கொடி_ஓவர்லாக் | 4 செப்டம்பர், இரவு 9:30

மின்னஞ்சலில் பதில் வந்தது. நான்கே வரி. கட்டணங்கள் வங்கியின் கட்டண அட்டவணைப்படியே பிடிக்கப்பட்டன, திருப்பித் தர இயலாது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று இருக்கிறது. அறிவிப்பு அனுப்பிய தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்சூரன்ஸ் பற்றியும் இல்லை. ரொம்பச் சோர்வாக இருக்கிறது. இதோடு விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

ஓய்வு_காசாளர் | 4 செப்டம்பர், இரவு 9:55

விடாதீர்கள் அம்மா. இது எல்லாருக்கும் போகிற முதல் பதில். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதே இனிமேல் உங்கள் பக்கம் பலம். புகாரை நிராகரிப்பதற்கு முன்பு வங்கிக்குள்ளேயே இருக்கும் உள் குறைதீர்ப்பாளர் அதைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்தாரா என்பதையும் ரிசர்வ் வங்கிக்கான புகாரில் ஒரு வரி கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_அண்ணா | 5 செப்டம்பர், அதிகாலை 2:40

எனக்கும் முதல் கடிதத்துக்கு இதே மாதிரி நாலு வரிதான் வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அனுப்புங்கோ.

மேகலா_இசேவை | 5 செப்டம்பர், காலை 10:00

பூங்கொடி, தளத்தில் பதியத் தெரியவில்லை என்றால் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போங்கள். மூன்று தாள் வேண்டும்: முத்திரை போட்ட கடிதம், வங்கியின் பதில், பாஸ்புக் பக்கங்கள். பிடித்த ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். பார்ப்பவர் தேட வேண்டி இருக்கக் கூடாது.

நாட்டில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் 2024 மார்ச்சோடு முடிந்த ஐந்து வருடத்தில் இந்த அபராதமாக வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். என் மையத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குப் பாஸ்புக்கில் அந்த வரி இருக்கிறது. கேட்டால், "விடும்மா, அவங்ககூட எதுக்குப் பகை" என்பார்கள். நீங்கள் அனுப்புங்கள்.

பூங்கொடி_ஓவர்லாக் | 8 செப்டம்பர், மாலை 4:45

அனுப்பிவிட்டேன். புகார் எண் வந்துவிட்டது. இந்த மாத சிலிண்டர் மானியம் புதுக் கணக்கில் ஏறியிருக்கிறது. ஸ்கூட்டித் தவணையும் மாறிவிட்டது.

பூங்கொடி_ஓவர்லாக் | 17 அக்டோபர், காலை 11:20

இப்போதுதான் மெசேஜ் வந்தது, உடனே எழுதுகிறேன். பழைய கணக்கில் 3,186 ரூபாய் வரவு. கேட்ட தொகை அப்படியே, ஒரு ரூபாய் குறையாமல். போன வாரம் வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து நல்ல முறையில் பேசினார். அறிவிப்பு அனுப்பியதற்கு அவர்களிடம் பதிவு இல்லையாம். இன்சூரன்ஸ் 436க்குச் சம்மதப் படிவத்தைத் தேடுகிறார்களாம், பதினைந்து நாள் கேட்டிருக்கிறார்கள். தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

கணக்கை யாரும் மூடவில்லை. சங்கிலியும் பத்திரமாக இருக்கிறது, தைப்பொங்கலுக்குள் திருப்பிவிடுவேன். அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் தீபாவளிக்குத் துணி எடுக்க இன்று சாயங்காலம் போகிறோம். வீட்டுக்காரரிடம் அந்த 175 ரூபாய்ச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஓய்வு_காசாளர் | 17 அக்டோபர், பகல் 12:05

கண் நிறைந்துவிட்டது அம்மா. 436ஐ மறந்துவிடாதீர்கள். அது வரும்வரை புகாரை முடித்துவிட்டதாக எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டாம்.

சேலம்_மாம்பழம் | 17 அக்டோபர், இரவு 9:15

அக்கா, நான் சொன்னது தப்பு. நேற்று அப்பாவை உட்காரவைத்துக் கடிதம் எழுதினோம். திங்கட்கிழமை தீபாவளி. செவ்வாய்க்கிழமை கிளை திறந்திருந்தால் அன்றே கொடுத்துவிடுவேன்.

நூல்கண்டு_பல்லடம் | 19 அக்டோபர், காலை 7:30

பூங்கொடி அக்கா, உங்கள் கதையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். நானும் கம்பெனிக் கணக்குதான், போன வருடம் வேலையை விட்டேன். பாஸ்புக்கில் 236 என்று ஏழு வரி இருக்கிறது. எனக்குக் கடிதம் எழுத வராது.

பூங்கொடி_ஓவர்லாக் | 19 அக்டோபர், காலை 8:10

பல்லடம்தானே, பக்கம்தான். முதலில் வேறு வங்கியில் கணக்கு தொடங்கிவிடும்மா, மற்றதெல்லாம் அப்புறம். தீபாவளி முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, சேர்ந்து எழுதுவோம். வருவதற்கு முன்னால் கடைசிவரைக்கும் பதிந்து வாங்கிக்கொண்டு வந்துவிடு.